பாஞ்சாலிக்குக் கொடுத்த பூவெண்ணெய்

திண்டிவனத்துக்கு வெளியே, மயிலம் சாலையில் இருந்த வாசனை எண்ணெய்க் கொட்டகையில் கண்ணையனுக்கு வேலை. தோட்டங்களிலிருந்து வரும் நாரத்தம்பூவைச் செப்பு அண்டாவில் கொட்டி ஆவி ஏற்றுவான். குளிர்ந்து சொட்டும் நீரின் மேல் மெல்லிய ஏடாக எண்ணெய் மிதக்கும். நாற்பது கிலோ பூவுக்கு ஓர் அவுன்ஸ் தேறினால் அதிகம். தீ கொஞ்சம் கூடினாலும் கருகல் வாடை ஏறிவிடும் என்று அண்டாவை விட்டு நகரவே மாட்டான். இயல்பிலேயே கவலைக்காரன்.

1962 மாசியில் சென்னையிலிருந்து ராயப்பன் என்ற ரசாயன ஆராய்ச்சியாளர் மாதிரி எண்ணெய் வாங்க வந்தார். எதற்கு என்று கண்ணையன் கேட்டான். இதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கப் போகிறோம், புற்றுக்கட்டியை இது தடுக்குமா என்று சோதிக்கவும் எண்ணம் இருக்கிறது என்றார் அவர். அதற்கு மேலும் ஏதோ சொன்னார். கண்ணையன் காதில் எதுவும் ஏறவில்லை.

விழுப்புரத்தில் அவனுடைய அக்கா பாஞ்சாலிக்கு மார்பில் கட்டி. தாய் போன பிறகு அவனை வளர்த்தவள் அவள். உடனே மெட்ராஸ் போய் ஆபரேஷன் செய்துகொள்ளும்படி உள்ளூர் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அவள் கணவர் சின்னதுரை எஞ்சின் ஷெட்டில் லீவுக்குக்கூடச் சொல்லிவிட்டார். பாஞ்சாலிதான் கத்தி என்றாலே நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறே முதலாளியிடம் கேட்டு வாங்கிய ஒரு குப்பி எண்ணெயோடு கண்ணையன் ரயில் ஏறினான். கட்டிமேல் தடவினால் புற்றைக் கரைக்கிற எண்ணெய், மெட்ராஸ்காரர்களே சொல்கிறார்கள் என்று அக்காவிடம் சொன்னான். சொல்லும்போதே, ராயப்பன் சொன்னது அப்படியில்லையே என்று உறைத்தது. ஆனால் அவள் முகம் தெளிந்ததைக் கண்டபின் திருத்திச் சொல்ல மனம் வரவில்லை.

பத்து நாளில் கார்டு வந்தது. கட்டி இளகுகிறது, மெட்ராஸ் பயணத்தை நிறுத்திவிட்டோம் என்று எழுதியிருந்தது. ஒரு நாள் சந்தோஷமாக இருந்தான். மறுநாளிலிருந்து, பயணம் நின்றது தன் பேச்சால்தானே என்று அரிக்கத் தொடங்கியது. ராயப்பன் எப்போது வருவார் என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்ணெய் கொடுத்து ஐந்து வாரம் ஆனபோது அவர் வந்தார். கண்ணையன் நடந்ததை எல்லாம் சொன்னான். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"இது ஒரே பொருள் இல்லைங்க கண்ணையன். லினலூல், லிமோனீன்னு எத்தனையோ சரக்கு கலந்தது. ஒவ்வொரு பருவத்துப் பூவுக்கும் அளவு மாறும். இதுல மருந்து எதுன்னு, இருக்கா இல்லையான்னே யாருக்கும் தெரியாது. எலிக்குக்கூட இன்னும் குடுத்துப் பார்க்கல. அவங்கள இன்னைக்கே கூட்டிக்கினு போங்க."

அடுப்பை அவித்துவிட்டு, இருந்த சட்டையோடு ஸ்டேஷனுக்கு ஓடினான். பாசஞ்சர் ரயில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் அடுக்கிப் பார்த்தான். விழுப்புரத்தில் இறங்கியபோது ஒன்றும் நினைவில் இல்லை.

வீடெல்லாம் நாரத்தம்பூ வாசனை. பாஞ்சாலி சிரித்தபடி வந்தாள். எண்ணெய் பட்ட இடம் வெந்து சிவந்திருக்கிறது, உள்ளே மருந்து வேலை செய்கிறது என்றாள்.

"அக்கா, நான் சொன்னது தப்பு. அது மருந்து இல்ல. நானா கூட்டிச் சொல்லிட்டேன்."

அவள் எண்ணெய்க் குப்பியை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "அப்போ கரைஞ்சிக்கினு வருதுன்னு நான் நெனச்சதெல்லாம்?" என்று கேட்டாள். சின்னதுரை பெட்டியை எடுத்து வைத்தார்.

மூவரும் மறுநாள் காலை மெட்ராஸ் போனார்கள். கட்டி அக்குளுக்கும் பரவியிருந்தது. அது இந்த ஐந்து வாரத்தில் நடந்ததா, முன்பே பரவியிருந்ததா என்று டாக்டர்களாலும் சொல்ல முடியவில்லை. ஆபரேஷன் செய்து, கரண்ட் என்று சொல்லும் கதிர் சிகிச்சையும் கொடுத்தார்கள். வலது கை வீங்கியே இருந்தாலும், பாஞ்சாலி மறுபடி கடைத்தெருவுக்கு நடந்து போகும் அளவுக்குத் தேறினாள்.

கண்ணையன் மாதம் தவறாமல் வந்தான். வந்ததும் அவள் இருமுகிறாளா, இளைத்திருக்கிறாளா என்றுதான் பார்ப்பான். ஒருநாள் அவளே கேட்டாள்.

"நீ என்னப் பாக்க வர்றியா, நோவப் பாக்க வர்றியா? நான் பயந்துக்கினு கெடந்தேன்டா. நீ அத சொல்லலன்னாலும் ஆபரேஷனுக்குப் போவாம இருக்க வேற சாக்கு தேடியிருப்பேன்."

1967 ஐப்பசியில் நோய் முதுகெலும்புக்கு வந்து அவள் போய்ச் சேர்ந்தாள். வேறு சாக்கு தேடியிருப்பேன் என்று அவள் சொன்னதைக் கண்ணையன் கடைசிவரை பாதிதான் நம்பினான்.