மணி வைத்த ஊன்றுகோல்

அவள் கைகள் கிழிந்த படுக்கை விரிப்பின் ஓரத்தை நாலாக மடித்து, மெழுகு தடவிய நூலால் தைத்துக்கொண்டிருந்தன. சைக்கிள் பெடலுக்கு வார். சாப்பாட்டு இடைவேளையில் சொந்தத் தையல் தைத்துக்கொள்ளலாம். அந்தச் சலவைக்கூடத்தில் அதற்குத் தடையில்லை. ஆஸ்பத்திரி, விடுதி என்று நாலா பக்கமிருந்தும் அழுக்குத் துணி வந்து குவியும் பெரிய கூடம். கிழிசல் தைக்கும் அறை அதன் கடைக்கோடியில் இருந்தது.

எல்லோரும் அவளை ஒத்தப்பெடல் என்றுதான் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் இடது முழங்காலில் சீழ் பிடித்து, ஆறும்போது எலும்போடு எலும்பு ஒட்டிப்போனது. வலி கிடையாது; மடங்காது, அவ்வளவுதான். உச்சுக்கொட்ட ஒன்றுமில்லை. ஆனால் நடந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பைச் சுழற்ற வேண்டும். நூறு எட்டில் இடுப்பு விட்டுப்போகும், உட்கார்ந்தாக வேண்டும். ஆட்டோவில் போய்வந்தால் கூலியில் பாதி ஆட்டோக்காரருக்கு. பழைய இரும்புக்கடையில் ஒரு சைக்கிளை வாங்கினாள். இடது பெடலைக் கழற்றிவிட்டு, நீட்டிய கால் தங்க ஒரு இரும்புக் கட்டையை வெல்டிங் வைத்தாள். வலது பெடலில் வார். மிதிக்கவும் அதே கால், மேலே இழுக்கவும் அதே கால். நிறுத்தும்போது இடது காலை விறைப்பாகத் தரையில் ஊன்றிவிடுவாள். வண்டிக்குத் தனியாக ஸ்டாண்டு கிடையாது.

வாரில் கடைசி முடிச்சுப் போடும்போது கேட் காவலாளி வந்து நின்றார்.

"ஒத்தப்பெடல், நாளையிலிருந்து சைக்கிள் எதுவும் உள்ளே வரக்கூடாதாம். கேட்டுக்கு வெளியே ஸ்டாண்டு போட்டிருக்கு."

"கேட்டிலிருந்து என் அறைக்கு நானூறு எட்டு அண்ணே. நான் நடந்து வந்து சேர்றதுக்குள்ள எட்டு மணி சங்கு ஊதிடும். மூணு நாள் லேட்டுன்னா சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"சைக்கிள் ஓட்டத் தெரியுது, நடக்கத் தெரியாதா?"

"நடக்கும்போது காலு என்னைச் சுமக்கணும். ஓட்டும்போது வண்டி சுமக்குது. இது கூடத் தெரியாமலா இத்தனை வருஷமா கேட்டுல நிக்கிறீங்க?"

காவலாளி யோசித்தார். "நின்னுட்டுத்தானே இருக்கேன். நடக்கலையே" என்றார்.

வீட்டில் அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டே முழுக்கதையும் கேட்டாள். அண்ணன் போனபிறகு இருவரும் ஒரே அறையில்தான் குடித்தனம்.

"நீ ஏன்டி அதை வண்டிங்கிறே? ஊன்றுகோல்னு சொல்லு. கோலை வெளியே வைன்னு எவனாவது சொல்லுவானா?"

"மணி அடிக்கிற ஊன்றுகோல் எங்கே இருக்கு அண்ணி?"

"காசுள்ளவன் எது எதுலயோ மணி வைக்கிறான். நீ கோல்ல வச்சிருக்கே."

மறுநாள் அரைமணி முன்னதாகவே போய், சூப்பர்வைசரைக் கேட்டிலேயே மறித்தாள். சூப்பர்வைசர் ஈர்க்குச்சி உடம்புக்காரர். உடம்பில் இல்லாத கனமெல்லாம் அவருடைய விதிப்புத்தகத்தில் இருந்தது. புரட்டிப் பார்த்தார். உடல் துணைப்பொருள்கள் உள்ளே வரலாம் என்றுதான் இருந்தது.

"இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நகர்றியா?"

"ஆமா சார்."

"இது இல்லைன்னா விழுவியா?"

"நூறு எட்டு தாண்டினா விழுவேன்."

"அடியில ரப்பர் இருக்கணுமே."

"ரெண்டு இருக்கு சார். காத்தும் அடிச்சிருக்கேன்."

சூப்பர்வைசருக்குத் திருப்தி. "அப்போ ஊன்றுகோல்தான். பட்டை தைச்சுப் பதிவேட்டுல ஏத்திடு."

கூடத்துக்குள் எது நுழைந்தாலும் எண் போட்ட துணிப்பட்டை தைக்க வேண்டும். நீல நூலில் தைத்தால் வெளியார் பொருள். சிவப்பு நூலில் தைத்தால் கூடத்துப் பொருள்; தேவைப்படுகிறவர் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். அன்று அவள் மெஷினில் கூடத்து மேலுடுப்புகளுக்காகச் சிவப்பு நூல் ஓடிக்கொண்டிருந்தது. அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் நூலை மாற்ற மறந்து, சைக்கிள் சீட்டு உறையில் 'துணைப்பொருள் 1' என்று சிவப்பில் அடித்துவிட்டாள்.

பத்து நாள் ராணி மாதிரி உள்ளே வந்து போனாள். பதினோராம் நாள் மாலை, சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்த சூப்பர்வைசருக்கு வலது கணுக்கால் பிசகியது. கால் பூசணியாக வீங்கியது. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். துணைப்பொருள் என்ற தலைப்பில் ஒன்றே ஒன்று இருந்தது. கையெழுத்துப் போட்டார். காவலாளி சைக்கிளை அவரிடம் தள்ளிக்கொண்டு போனார்.

அவள் கிழிசல் அறையிலிருந்து இடுப்பைச் சுழற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"சார், அது என் வண்டி!"

"வண்டியா?" சூப்பர்வைசர் வலியோடு நிமிர்ந்தார். "வண்டின்னா உள்ளே வரக்கூடாதே."

வண்டி என்றால் நாளை கேட்டுக்கு வெளியே. ஊன்றுகோல் என்றால் இப்போதே கைவிட்டுப் போகும். எந்தப் பக்கம் சொன்னாலும் எட்டு மணிச் சங்கு ஊதிவிடும். அந்த நூலைக் கோத்த கையைத் தானே ஒரு அடி அடித்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் ஏறி உட்கார்ந்தார். வார் இருந்தது வலது பக்கம். பிசகியதும் வலது கால்தான். நல்ல இடது காலுக்குப் பெடலே இல்லை. மிதிக்கப் போய் அலறினார். காவலாளி பிடித்திருக்காவிட்டால் அழுக்குத் துணிக்கூடைக்குள் போயிருப்பார்.

"எப்படிம்மா இது நகருது?"

"நான் ஏறினா நகரும் சார். இது என் காலுக்குத் தைச்ச சட்டை. நீங்க போட்டா எப்படிப் பொருந்தும்?"

அவரை இறக்கி உட்காரவைத்து, காலை ஒரு மூட்டை மேல் உயரமாகத் தூக்கிவைத்தாள். ஈரத்துணி போட்டாள். வீக்கத்துக்குச் சூடு ஆகாது. பிறகு விரிப்புத் துண்டைக் கிழித்து, விரல் பக்கமிருந்து மேலே எட்டுப் போட்ட மாதிரி கட்டினாள். இறுக்கினால் விரல் நீலம் பாயும், தளர்த்தினால் கட்டியதற்கே பிரயோசனமில்லை. விரல் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, கேரியரைக் கைகாட்டினாள்.

"உட்காருங்க. நான் மிதிக்கிறேன். அண்ணே, ஒரு தள்ளு தள்ளுங்க."

"அப்போ கோலை ஊன்றது யாருன்னு எழுதறது?" என்றார் காவலாளி.

"அதைக் காலையில பார்த்துக்கலாம்" என்று முதல்முறையாக ஒரு விதியைத் தள்ளிப்போட்டார் சூப்பர்வைசர். வீடு வரை மேடு பள்ளமில்லாத சாலை. கண்ணை மூடிக்கொண்டே போனார். வாசலில் இறங்கும்போதுதான் மெதுவாகக் கேட்டார்:

"நாளைக்கும் வருவியா?"

"நூல் மாத்தினா வருவேன்."

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் மணியடித்தாள். அவர் கேரியரில் ஏறியதும் அவர் மனைவி ஒரு தள்ளு தள்ளிவிட்டாள். பல வருஷமாகத் தள்ளக் காத்திருந்தவள் போலிருந்தது. தெருமுனைவரை மிதிக்கவே தேவைப்படவில்லை. கேட்டில் நிறுத்தி, இடது காலை ஊன்றி, சீட்டு உறையிலிருந்து சிவப்புத் தையலைப் பிரித்தாள். பட்டையை நீல நூலில் நெருக்கமாகத் தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள். சூப்பர்வைசர் கேரியரில் இருந்தபடியே பதிவேட்டைத் தொடைமேல் வைத்து, 'சொந்தப் பொருள், யாருக்கும் கொடுக்கலாகாது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. காவலாளி பேனாவை வாங்கி, அதற்குக் கீழே 'ஊன்றுகோல் ஒன்று, ஊன்றி வந்தவர்கள் இரண்டு பேர்' என்று எழுதிவிட்டு, இருவரையும் உள்ளே தள்ளிவிட்டார்.