உப்புப் போடச் சொன்ன அப்போதிக்கரி

கிழமைதோறும் உடம்பு வீங்கியிருந்த அப்பா பெய்த சலத்தைப் போத்தலில் அடைத்து, தோணியேறி, அக்கரையில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரியிடம் கொண்டுபோவேன். குட்டையான மனிதர், கோட்டுக் கையெல்லாம் மருந்துக் கறை. சலத்தைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அது முட்டை வெள்ளையாய்த் திரையும்.

“குண்டிக்காய் ரெண்டும் ரத்தத்தை வடிக்கிற அரிதட்டு தம்பி. கிழிஞ்சா சத்து வெளிய ஓடும், உப்பும் தண்ணியும் உடம்பில தங்கிரும்.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் கண்டவன் நான் ஒருவன்தான். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். அப்பாவின் சோற்றுக்கு ஊற்றும் ஆணத்தில் உப்பு விழாமல் காவலிருந்தேன்.

ஒருநாள் குழாயைப் பார்த்துவிட்டு, “இனி உப்புப் போட்டே குடுங்க தம்பி. கருவாடு கேட்டாலும் குடுங்க. விரும்பினதைத் தின்னட்டும்” என்றார். நோய் மாறிவிட்டதென்று வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அம்மா அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் அப்பா கண்ணை மூடினார்.

“எனக்கு நேரே சொல்லியிருக்கலாமே ஐயா?” என்று பிறகு போய்க் கேட்டேன்.

“சொன்னனே தம்பி. அம்மாக்கு விளங்கினதுதானே?”

குண்டிக்காயின் ஒவ்வொரு வேலையையும் விளக்கமாகச் சொன்ன மனிதர், அந்த ஒன்றை மட்டும் ஊர்ப்பேச்சில் சொல்லிவிட்டார். அதை நம்பி, சுகமாகிவிட்டதென்று அப்பாவை நாள்தோறும் எழுப்பி, வாவிக்கரைவரை நடத்திக்கொண்டு போனவன் நான்.