இன்டர்நெட் கோளாறு என்று சொன்னேன்

இது நடந்தது. கற்பனையாக இருந்தால் என்னை இதைவிட நல்லவனாகக் காட்டியிருப்பேன். நான் செய்ததையெல்லாம், நான் வேலை பார்க்கும் அறக்கட்டளைக்குக் கடிதமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

மயிலாப்பூரில் ஒரு அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையம். அங்கிருக்கும் சர்வரைக் கோட்டூர்புரத்தில் என் வீட்டிலிருந்தே கவனித்துக்கொள்வது என் வேலை. யாருக்கு எந்த மெஷின், எத்தனை மணி நேரம், உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும்... எல்லாம் அந்தச் சர்வரில்தான் இருக்கும். தாளில் எழுதிவைக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொன்னவனும் நான்தான்.

சென்ற அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் 2:07. சர்வருக்குள் வெளியாட்கள் புகாமல் தடுக்கும் ஃபயர்வாலை இயக்கினேன். அதற்கு முன், எனக்கு மட்டும் வழிவிடச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும். அலட்சியத்தில் எழுதவில்லை. திரை அப்படியே உறைந்தது. நானே என்னை வெளியே தள்ளிப் பூட்டிவிட்டேன்.

2:20. தலைமை நர்ஸ் சுந்தரவல்லி தன் வீட்டிலிருந்து கூப்பிட்டார்.

"சார், லிஸ்ட் திறக்க மாட்டேங்குது. நாலு மணிக்கு அமீனா பீ வர்றாங்க. வெள்ளிக்கிழமை மழையில வர முடியல. ரெண்டு வார்த்தை பேசினா மூச்சு வாங்குது. இன்னிக்கும் தள்ளிப்போட முடியாது சார்."

"இன்டர்நெட் கோளாறு சிஸ்டர். கம்பெனிக்காரங்ககிட்ட பேசிட்டிருக்கேன்."

பொய். சர்வரின் முன்னால் உட்கார்ந்து யாராவது ஒரு வரி தட்டினால் சரியாகிவிடும். மையம் பூட்டியிருந்தது, சாவி அவரிடம்தான் இருந்தது. கேட்டிருந்தால் உடனே வந்து திறந்திருப்பார். ஆனால் என் தவறு தெரிந்துவிடும். கேட்கவில்லை.

2:31. பெருக்குகிறவர்கள் யாராவது உள்ளே இருக்கலாம் என்ற நப்பாசையில் மையத்தின் லேண்ட்லைனுக்கு அடித்தேன். ஒரு ரிங்கூட முழுதாகப் போகவில்லை. எடுத்துவிட்டார்கள்.

"சொல்லு நைனா."

வயதான ஆண்குரல். சர்வரின் திரையும் கீபோர்டும் அந்த ஃபோன் மேசையிலேயே இருந்தன. போன வாரம் என் பெயரில் திறந்தபடியே விட்டுவந்திருந்தேன்.

"ஐயா, அங்க கம்ப்யூட்டர் முன்னால உட்கார முடியுமா?"

"உக்காந்துக்கினுதான் கீறேன்."

நடந்ததைச் சொன்னேன். மெல்லச் சிரித்தார்.

"வெளிய நின்னுக்கினு உள்தாப்பா போட்ட ஆளு நீதானா. எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது நைனா. எப்டி இருக்கும்னு சொல்லு. தேடி அமுக்கறேன்."

முதல் எழுத்து குதிரை லாடம் மாதிரி என்றேன். டக். அடுத்தது, கம்பத்தில் ஒரே பக்கம் இரண்டு கொடி. நீண்ட நேரம்... டக். அடுத்தது, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளம். டக். சலிக்காமல் தேடினார். யாரும் என்னிடம் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

2:46. அவர் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

பீப்... பீப்...

டயாலிசிஸ் மெஷின் ஓடும் சத்தம். ஞாயிறு நாலு மணிக்கு முன் அங்கே நோயாளிகள் கிடையாது.

"உள்ள மெஷின் ஓடுதா ஐயா?"

"அது என்னுது."

2:52.

"உன் கையி ஏன் நடுங்குது?"

குனிந்து பார்த்தேன். நடுங்கியது.

நான் சொல்லவே இல்லை.

டக்... டக்...

"ஆச்சு. யாராச்சும் கேட்டா இன்னா சொல்லட்டும்?"

"இன்டர்நெட் கோளாறுன்னு..."

பீப்...

"போன தபாவும் அதான் சொன்ன."

வைத்துவிட்டார்.

2:58. என் திரை உயிர்பெற்றது.

4:40-க்கு மையத்துக்குப் போனேன். அமீனா பீக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு சீராகியிருந்தது. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அதைத் தாங்கும் தகுதி எனக்கு இல்லை.

மதியம் ஃபோன் எடுத்தது யார் என்று சுந்தரவல்லியிடம் கேட்டேன்.

"யாரும் இல்ல சார். பூட்டு போட்டபடியேதான் இருந்துச்சு. நான்தான் வந்து திறந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலையில் ஒரு மாலை முழுக்கச் சர்வர் நின்றுபோனதும் என் தவறுதான், அன்றும் இதே பொய்தான் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. மெதுவாக உட்கார்ந்தார்.

"நைனான்னா கூப்பிட்டாரு? மீன்பாடி வண்டி ஓட்டுற கனகராஜ் அண்ணன் சார். சிந்தாதிரிப்பேட்டை. ஜூலையில அன்னிக்கு அவர் முறை. இந்த ஃபோன் பக்கத்துலயே ஏழு மணி வரைக்கும் உக்காந்திருந்தாரு. நான் உங்களைத்தான் திட்டிட்டிருந்தேன். 'திட்டாதம்மா, அந்தப் புள்ள தனியா மல்லுக்கட்டிக்கினு கீது. யாராச்சும் கூட ஒக்காந்து ஒத்தாசை பண்ணா இன்னா'ன்னாரு. அப்புறம் மெதுவா எழுந்து போயிட்டாரு."

"இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டேன். அந்தப் பெயரையே அப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மறுநாள் விடியக்காலமே, நாலு மணிக்கு... ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வர்றதுக்குள்ள போயிட்டாரு சார்."