பிரெஞ்சு வண்டியின் பின்சீட்டு

என் அக்காவைக் கட்டிய மாமா வாழ்க்கையில் இரண்டே இரண்டைத்தான் நம்பினார். ஒன்று என் அக்கா. இன்னொன்று ஒரு பிரெஞ்சு டீசல் கார். அக்காவைப் பற்றி நான் குறை சொன்னால் சிரிப்பார். காரைப் பற்றிச் சொன்னால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிடுவார்.

தொண்ணூறுகளில் வெளிநாட்டுக் கார்களுக்கு நாட்டின் கதவு திறந்ததும், பிரெஞ்சுக்காரர்களோடு கூட்டு சேர்ந்து ஒரு கம்பெனி கார் செய்து விற்றது. மாமா டிரைவராக இருந்த வீட்டு முதலாளி அதில் ஒன்றை ஆசையாக வாங்கினார். வாங்கிய சூடு ஆறுவதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஸ்பேர் கிடைக்காத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று வெறுத்துப்போன முதலாளி, அதை மாமாவின் தலையில் கட்டிவிட்டு வேறு கார் வாங்கிக்கொண்டார். மாமாவுக்கோ அது மகாலட்சுமியே வீடு தேடி வந்த மாதிரி. வேலையை விட்டு நின்று, தெரிந்தவர்களை மட்டும் ஏற்றி அந்த வண்டியை ஓட்டிப் பிழைக்க ஆரம்பித்தார்.

நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். நட்டும் போல்ட்டும் பேரிங்கும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அந்த வேலை மனிதனுக்கு ஒரு கெட்ட பார்வையைக் கொடுத்துவிடும். எந்த மெஷினைப் பார்த்தாலும் அது எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று பார்க்க மாட்டேன், நின்றால் இதற்கு ஸ்பேர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். ஸ்பேர் இல்லாத மெஷின், ஓடிக்கொண்டிருந்தாலும் எங்கள் கணக்கில் செத்த மெஷின். இதை மாமாவிடம் ஒருமுறை சொல்லித் தொலைத்தேன்.

"நீ வாயக் கழுவு மொதல்ல" என்றார் மாமா. "இஞ்சின் சத்தத்தக் கேளு. கல்லு மாதிரி கீது."

உண்மைதான், இஞ்சின் கல்லுதான். அதே மாடலில் பெட்ரோல் வண்டி வாங்கிய ஒரு பெரியவர் பெங்களூர் காக்ஸ் டவுனில் இருந்தார். அவருடைய வண்டி கார்பரேட்டர் தொல்லை தாங்காமல் மல்லிகைப் பந்தலுக்கு அடியில் போய் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. மாமாவின் டீசல் வண்டி, மார்கழிக் குளிரில் கொஞ்சம் இருமுவதோடு சரி, ஒருநாளும் நின்றதில்லை. நின்றதெல்லாம் சுற்றியிருந்த சில்லறைச் சாமான்கள். கதவுக் கைப்பிடி உடைந்தது, காக்ஸ் டவுன் பெரியவரின் வண்டியிலிருந்து கழற்றி மாட்டினார். வைப்பர் போனது, அதையும் அங்கிருந்தே. இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் செத்தது. அது மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. மூக்கு இருக்கும்போது முள் எதற்கு, சூடானால் வாசனையிலேயே தெரிந்துவிடும் என்று மாமா அதை விட்டுவிட்டார்.

நானே ஒத்துக்கொள்கிற ஒரு சமாசாரம் அந்த வண்டியில் இருந்தது. பின்சீட்டு. அந்த பிரெஞ்சுக்காரன் சீட்டு செய்வதற்கென்றே பிறந்தவன் போலிருக்கிறது. உட்கார்ந்தால் உடம்பை மெல்ல வாங்கிக்கொள்ளும். அல்சூர் மார்க்கெட் பக்கத்துக் குழிகளில் வண்டி இறங்கி ஏறினாலும் உள்ளே இருப்பவருக்கு ஏதோ தூரத்தில் நடக்கிற மாதிரிதான் இருக்கும்.

அந்தச் சீட்டின் அருமை அக்காவுக்கு உடம்புக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

முதலில் மார்பில் புற்றுக்கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து, சரியாகிவிட்டது என்று கோயிலுக்கெல்லாம் போய் வந்தோம். பிறகு முதுகெலும்புக்குப் போய்விட்டது. நிமிர்ந்து உட்கார முடியவில்லை, கட்டிலில் மல்லாந்தால் கத்துவாள். தினமும் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைக்க வேண்டும், லீவு நாள் தவிர ஒரு நாளும் விடக்கூடாது, முழுசாக முடித்தால் வலி குறையும், நடமாடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாங்கள் இருந்த மர்பி டவுனிலிருந்து ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. ஆட்டோவில் முதல் நாள் போனபோது, அல்சூர் தாண்டுவதற்குள் அவள் முகம் வெளுத்து, என் கையைப் பிடித்த பிடியில் நகம் இறங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் பேச்சை எடுத்தாலே, "என்ன பொணமா தூக்கினு போறியா?" என்பாள். மறுநாள் மாமா சவாரியையெல்லாம் விட்டுவிட்டு, வண்டியின் பின்சீட்டில் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்கவைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தால் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த தூக்கம். மாமா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். செத்த மெஷின் என்று சொன்னாயே, பார் என்பது போல.

அன்றிலிருந்து அக்கா பிழைப்பது அந்த வண்டி ஓடுவதில் இருந்தது. நானே காலையில் பல் விளக்குகிறபோது இஞ்சின் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொள்வேன். பாதி சிகிச்சை முடிந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்தாள்.

அப்போது ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் தீபாவளிகூட அப்புறம்தான். அன்றைக்குச் சைக்கிள் முதல் லாரி வரை எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். அக்கா நாற்காலி போடச்சொல்லி வாசலுக்கே வந்துவிட்டாள். மாமா வாங்கிவந்த வாழைக்கன்றுகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னா இது, கொத்தமல்லிக் கட்டு மாதிரி? என்னச் சொமக்கிற வண்டி. பெரிசா கட்ட வேணாமா?"

மாமா மறுபடியும் மார்க்கெட்டுக்கு ஓடினார். ஆள் உயரத்துக்கு இரண்டு கன்று. அதற்கு மேல் சேவந்தி மாலை, அதுவும் கையளவு தடிமனில், முன்பக்கம் முழுக்க மறைகிற மாதிரி. எல்லாரும் கும்பிட்டோம். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைக் கூப்பி, கண்ணை மூடி, வெகுநேரம் ஏதோ முணுமுணுத்தாள். அன்றைக்கு அவள் அழகாக இருந்தாள்.

எங்கள் சந்தில் ஒரு பழக்கம். கட்டிய வாழைக்கன்றைப் பச்சையாக இருக்கும்போது அறுக்கக் கூடாது. அதுவாக வாடி விழ வேண்டும். நோயாளி இருக்கிற வீட்டில் பச்சை வாழையை அறுத்தால் என்ன அர்த்தம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். விடுமுறை முடிந்து ஆஸ்பத்திரி திறந்த அன்று, கன்றும் மாலையும் கட்டியபடியே வண்டி கிளம்பியது. நான் முன்சீட்டில், அக்கா பின்னால். ரோட்டில் பாதி வண்டிகள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன.

ரிச்மண்ட் சர்க்கிளில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்த சமயம் அது. வண்டிகள் நகரவே இல்லை. உச்சி வெயில். வாழை இலைகள் வதங்கி, ரேடியேட்டருக்குக் காற்றுப் போகிற வழியெல்லாம் ஈரத்துணி போல ஒட்டிக்கொண்டன. சூடு காட்டும் முள்ளோ செத்துக் கிடந்தது. மாமா நம்பிய மூக்குக்குச் சேவந்தி வாசனைதான் வந்தது. பானெட்டிலிருந்து புஸ்ஸென்று வெள்ளையாக ஆவி கிளம்பியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"காடி சைடிகெ ஹாக்ரீ, சைடிகெ!" என்று போலீஸ்காரர் கத்தினார். நானும் முகம் தெரியாத இரண்டு பேரும் தள்ளி ஓரமாக நிறுத்தினோம். மாமா அந்த வாழைக்கன்றுகளைக் கையாலேயே பிய்த்து எறிந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதை நடுரோட்டில் நின்று பார்த்தேன். அக்கா பின்சீட்டிலிருந்து, "பச்சையா அறுக்காதீங்க, பச்சையா அறுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வண்டியைக் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தோம். சிவாஜிநகர் மெக்கானிக் பாய் சந்துக்கே வந்து இஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றிப் பார்த்தார். "ஹெட்டு வளைஞ்சி போச்சி. அத லேத்துல தேச்சிக்கலாம். ஹெட் கேஸ்கெட்டு வோணுமே" என்றார். "இஞ்சின் மர்தா நை பாய். பார்ட்டு நை மில்தா, அதான்." இஞ்சின் சாவதில்லை, சாமான்தான் கிடைப்பதில்லை என்று அர்த்தம்.

கேஸ்கெட் என்பது இரண்டு இரும்புக்கு நடுவே வைக்கிற ஒரு தகடு. எங்கள் ஸ்டோர்ஸில் அதையெல்லாம் ஆணியில் மாட்டித் தொங்கவிட்டிருப்போம். இந்த வண்டிக்கு உள்ளது ஜே.சி. ரோட்டில் ஸ்பேர் கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. காக்ஸ் டவுன் பெட்ரோல் வண்டியினுடையது இதற்குப் பொருந்தவில்லை. செம்பில் ஒன்று செய்து பார்த்தார் பாய், ஸ்டார்ட் செய்ததுமே தண்ணீர் கக்கியது. யாரோ மாமாவிடம், "பாண்டிச்சேரில பிரெஞ்சுக்காரங்கதானே இருந்தாங்க, அங்க கிடைக்காம எங்க கிடைக்கும்?" என்றார்கள். மாமா அன்றே பஸ் ஏறினார். சிரிக்காதீர்கள். பெண்டாட்டி வலியில் துடிக்கிறபோது யாருக்கும் அது புத்திசாலித்தனமான யோசனையாகத்தான் தெரியும். அங்கே பிரெஞ்சுப் பேர் வைத்த தெருக்கள் எல்லாவற்றிலும் நடந்து, ஒரு பிரெஞ்சுக் காரைக்கூடக் கண்ணால் பார்க்காமல் கால் வீங்கித் திரும்பி வந்தார்.

அவர் இல்லாத நாட்களில் நான்தான் அக்காவைக் கூட்டிப்போனேன். ஒருநாள் ஆட்டோ, ஒருநாள் அம்பாசிடர் டாக்சி. டாக்சி ஒவ்வொரு குழியிலும் தூக்கித் தூக்கிப் போட்டது. பாதி வழியில் அவள், "திருப்புடா" என்றாள். நான் கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். "சும்னிருடா. போதும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் போகவில்லை. இவ்வளவு நாள் விட்டபின் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது என்று டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் கட்டில் ஆகவில்லை, தரை ஆகவில்லை. ஒரு மத்தியானம் மாமா அவளைத் தூக்கிக்கொண்டுபோய், வாசலில் இஞ்சின் பிளந்து நின்ற வண்டியின் பின்சீட்டில் கிடத்தினார். தூங்கிவிட்டாள். சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் போட்டுப் பார்த்தோம், தரையில் அது ஆடியது, அவளுக்கு ஒத்துவரவில்லை. வண்டிக்குள் இருந்தால்தான் அது சீட்டு. அதனால் காலையில் கஞ்சி குடித்ததும் வண்டிக்குப் போய்விடுவாள். மாமா நாலு கதவையும் திறந்துவைத்து, வெயிலுக்குப் பழைய புடவை கட்டி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிறவர்கள், "என்னக்கா, எங்க பயணம்?" என்று கேட்பார்கள். "பாண்டிச்சேரிக்கு" என்பாள் அக்கா. மாமாவும் சிரிப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் பம்பாயில் பழைய கார் உடைக்கிற இடத்திலிருந்து, பாயின் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக அந்தக் கேஸ்கெட் வந்து சேர்ந்தது. கவர்கூடப் பிரிக்காத புதுசு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தொடர முடியாவிட்டால் என்ன, வேறு டாக்டரிடம் காட்டலாம், வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வண்டி ஓடினால் போதும் என்று இருந்தது. ஒரு வாரம் கழித்துப் போனால், கவர் பிரிக்காமல் அது பீரோ மேலேயே இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கைக்கு வந்தும் போடாம வெச்சிருக்கீங்களே மாமா, உங்களுக்குப் பைத்தியமா?" என்று கத்தினேன்.

மாமா வாசலைப் பார்த்தார். வண்டிக்குள்ளிருந்து அக்காவின் பாதம் மட்டும் தெரிந்தது.

"கேஸ்கெட்டு போட்டா டீசல் பம்பு டைமிங் வெக்கணும், ஷெட்டுக்கு இழுத்தாந்தாதான் ஆவும்ன்றார் பாய். ஒரு வாரம் ஆவுமாம்" என்றார். "அந்த ஒரு வாரம் அவ எங்கடா படுப்பா?"

என் ஸ்டோர்ஸ் முழுக்கத் தேடினாலும் அதற்குப் பதில் இருந்திருக்காது.

தை பிறப்பதற்கு முன்பே அக்கா போய்விட்டாள். வண்டியில்தான், ஒரு மத்தியானத் தூக்கத்தில். மாமா ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் ஈ ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார், தூங்குகிறாள் என்று நினைத்து. காரியமெல்லாம் முடிந்தபிறகு பாய் வந்து வண்டியை இழுத்துப் போனார். கேஸ்கெட் போட்டு, பம்ப் டைமிங் வைத்து, முதல் சாவியிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டதாம். பாய் அதைச் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அந்த இஞ்சினைச் சம்மட்டியால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

அதன் பிறகும் அது வருஷக்கணக்காக ஓடியது. ஊரில் புதுசு புதுசாக எத்தனையோ கார்கள் வந்தன. "இன்னும் ஓடுதா இது! பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுக்காரன்தான்" என்று ஏறுகிறவர்கள் சொல்வார்கள். மாமா தலையை ஆட்டுவார். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதோடு சரி, வாழைக்கன்று கட்டுவதில்லை.

ஒருநாள் முன்சீட்டில் நானும் இருந்தேன். பின்னால் பொம்மனஹள்ளியில் தையல் கம்பெனி வேலை முடித்து வீடு திரும்பும் ஒரு அம்மா, வாடிக்கையாக வருகிறவர்களின் உறவுக்காரர், ஜீவனஹள்ளியில் இறங்க வேண்டியவர். பாதி வழியிலேயே சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டார். வீட்டு வாசலும் வந்துவிட்டது. மாமா இஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எழுப்புங்க மாமா, எவ்ளோ நேரம் ஒக்காந்துனு இருப்பீங்க" என்றேன்.

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அந்த அம்மாவின் மூச்சு ஏறி இறங்குவதை நன்றாகப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தூங்குறாங்கதான்டா" என்றார். "இருக்கட்டும்."