கல்லில் நின்ற மூன்று எழுத்துகள்

ஏணியின் அடிக்காலை ஸ்வீட்டி இறுகப் பிடித்திருந்தாள். மேலே அவளுடைய அப்பா ஏசுதாஸ், அளவு டேப்பைப் பல்லில் கடித்தபடி கறுப்பு கிரானைட் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், செம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு சின்னக் கடை. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

கடையை எடுத்திருந்தவர் ஷ்யாமளா. அடுத்த ஞாயிறு டிபன் கடை திறப்பு. பெயர்தான் இல்லை. முன்பிருந்த கடையின் ஸ்டீல் எழுத்துகளில் M, S, T மூன்றும் கழற்ற வரவில்லை. M-க்கும் S-க்கும் நடுவே ஓர் எழுத்துக்கு இடம். S-ஐ ஒட்டியே T.

"பிடுங்கினா கல்லு பொளந்துரும் மேடம்," என்றார் ஏசுதாஸ்.

"ஐயையோ, ஓனர் கல்லுல கீறல்கூட விழப்படாதுன்னு சொல்லியிருக்கார். இப்ப என்ன பண்றது? பேரில்லாம எப்படிக் கடை திறக்கறது?"

"பிடுங்க வேண்டாம். அந்த மூணும் உள்ள வாற மாதிரி ஒரு பேரு கண்டுபிடிச்சிருவோம்."

அவர் தொழிலே அதுதான். மூடுகிற கடைகளின் எழுத்துகளை எடைக்கு வாங்கி, திறக்கிற கடைகளில் மாட்டுவார். தாராவியில் வீட்டுப் பரணெல்லாம் எழுத்து. முப்பது வருடம். படித்தது தமிழில் எட்டாம் வகுப்பு. ஆங்கிலம் படித்தது பஸ் ஜன்னலோரம், கடைப் பலகைகளில். அதனால் பெரிய எழுத்து மட்டும்தான் சரளம். சின்ன எழுத்தில் எழுதினால் தடுமாறுவார். ஸ்வீட்டி அவருக்கு அனுப்பும் மெசேஜ் எல்லாம் பெரிய எழுத்தில்தான் இருக்கும். பெரிய எழுத்தென்றால் கத்துவதாக நினைத்து, ஆபீஸில் அதைப் பார்த்தவர்கள், "யாரைத் திட்டறே?" என்று கேட்பார்கள்.

ஸ்வீட்டி சாப்ட்வேர் இன்ஜினியர். போனை எடுத்தாள். "அப்பா, பந்தயம். தோத்தவங்க வடாபாவ் வாங்கணும்."

"மிசினு வச்சுக்கிட்டுப் பந்தயமாட்டி? சரி, வா."

அவளிடம் மூன்று லட்சம் ஆங்கிலச் சொற்களின் பட்டியல் இருந்தது. M, ஏதோ ஓர் எழுத்து, S, T. ஒரே வரி நிரல். கண் இமைப்பதற்குள் திரை நிரம்பி வழிந்தது.

"மாஸ்டர்! மிஸ்டரி! மிஸ்டேக்!"

"மிஸ்டேக்னு போட்டா எவன் சாப்பிட வருவான்?"

"மஸ்டர்ட்! கடுகு! அப்பா, கடுகு!" அவள் குதித்த குதியில் ஏணி ஆடியது.

"ஏட்டி, ஏணியப் பிடி! எனக்குச் சங்கு ஊதிராத!"

ஷ்யாமளாவுக்குக் கடுகு பிடித்துவிட்டது. "தாளிக்கற வாசனையே வர்றதே!"

ஏசுதாஸ் தலையாட்டினார். "S கல்லுக்கு நட்ட நடுவுல நிக்கி. கடுகு போட்டா இடப்பக்கம் ரெண்டு, வலப்பக்கம் நாலு. ஒரு பக்கமா ஆள் ஏறுன தோணி மாதிரி சாஞ்சு கெடக்கும். ரெண்டு பக்கமும் சமமா வரணும்."

ஸ்வீட்டி அந்த நிபந்தனையையும் சேர்த்தாள். இப்போது மிஞ்சியது ஒரு கை எண்ணிக்கைதான்.

"மிஸ்டி."

"அப்படின்னா?"

"பனிமூட்டம்."

"டிபனு ஆறிப்போயிரும். அடுத்தது?"

"மஸ்டி. பூசண வாடை."

ஷ்யாமளா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரரே எட்டிப் பார்த்தார். ஸ்வீட்டி பட்டியலை மறுபடி ஓடவிட்டாள். வேறு பட்டியல் இறக்கினாள். மேலே அவர் S-க்கு இடப்பக்கம் உள்ளங்கையை வைத்து எடுத்தார், வலப்பக்கம் வைத்து எடுத்தார். உதடு அசைந்தது. பிறகு கல்லை ஓங்கித் தட்டினார்.

"நாலு, நடுவுல S, நாலு! H, O, M, E! ஹோம்! அப்புறம் ஸ்டைல்! ஹோம்ஸ்டைல்!"

ஸ்வீட்டி விரல் விட்டு எண்ணினாள். இடப்பக்கம் நாலு. வலப்பக்கம் நாலு. M-க்கும் S-க்கும் நடுவே E. S-ஐ ஒட்டி T. அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது.

"என் லிஸ்ட்ல இல்லையேப்பா!"

"ஒன் மிசினு ஒத்த வார்த்தையா தேடிச்சு. நான் ரெண்டக் கோத்தேன். பொரிச்ச மெளகா ரெண்டு சேத்து வாங்கு."

"ஆத்துச் சாப்பாடுன்னே அர்த்தம் வர்றதே ஏசுதாஸ்!" ஷ்யாமளா கைதட்டினார்.

அன்று ஹார்பர் ரயிலில் வடாபாவைக் கடித்தபடி ஏசுதாஸ் கணக்குப் போட்டார். பரணில் அதே அளவில் H இருக்கிறது, O இருக்கிறது, L இருக்கிறது, E இரண்டு இருக்கிறது. Y மட்டும் இல்லை.

"புதுசா வெட்டிரலாம்லப்பா?"

"பழைய பல்லு வரிசையில பொய்ப்பல்லு மாதிரி இளிக்கும். நான் தேடிக்கிடுதேன்."

திங்களன்று ஐந்து எழுத்தையும் மாட்டிவிட்டு வந்தார். செவ்வாய் மதியம் ஆபீஸில் இருந்த ஸ்வீட்டியின் போனில் பெரிய எழுத்தில் ஒரு மெசேஜ்: "Y KIDACHITTU. GHATKOPAR FAIZAN KADAI. NAALAIKKU POREN."

காட்கோபர் பைசான் பழைய இரும்பு வியாபாரி. அவள் பெரிய எழுத்தில் பதில் அனுப்பினாள்: "SUPER PPA."

புதன் காலை பல் விளக்கப் போனவர் குழாயடியில் விழுந்தார். எழவில்லை. வியாழன் அடக்கம்.

வெள்ளிக்கிழமை ஷ்யாமளா வீட்டுக்கு வந்தார். அம்மா சகாயராணியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது ஸ்வீட்டியிடம் சொன்னார்: "போர்டு அப்படியே இருக்கட்டும். ஒரு எழுத்து இல்லேன்னா என்ன, நான் திறந்துக்கறேன்."

அவர் போனபின், திங்களன்று அப்பா எடுத்து அனுப்பியிருந்த போர்டு படத்தை ஸ்வீட்டி போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். எட்டு எழுத்து. T-க்கும் L-க்கும் நடுவே வெறும் கல். அதில் அப்பா சாக்பீஸால் போட்டிருந்த இரண்டு புள்ளிகள், துளை போடும் இடம்.

சனிக்கிழமை காலை அவருடைய சட்டைப் பையில் நாலாக மடித்த பழைய பேப்பரைக் கண்டெடுத்தாள். ஓர் அடி உயரத்தில் கத்தரித்த Y. அளவுக்குக் காட்ட அவரே வெட்டியது. அதை அப்படியே மடித்துத் தன் தோள்பைக்குள் வைத்தாள். டிரில் மெஷினையும் எடுத்துக்கொண்டாள்.

"கல்லறை மண்ணு இன்னும் காயலையேட்டி," என்றாள் அம்மா. "எங்க கெளம்பிட்ட?"

"காட்கோபருக்கும்மா. பைசான் கடை மதியம் பூட்டிருவான்."