தொடாமல் ஒலித்த ஏ கம்பி

அடுக்களையில் மிக்ஸி ஓடினால் அலமாரியில் ஒரு தம்ளர் மட்டும் கூடவே சிணுங்குகிறது. கை வைத்தால் அடங்குகிறது, எடுத்தால் மறுபடி. இன்று காலை அதைக் கேட்டதும் ராயகிரி செல்லப்பாவின் பேஸ் கிதார் நினைவுக்கு வந்துவிட்டது. அது என்னைப் படுத்திய பாட்டை பழுது பார்க்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் என் கடை. ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு, கிதார், எது வந்தாலும் பிரித்துப் பார்ப்பேன். செல்லப்பா பகலில் மோட்டாருக்குக் காயில் கட்டுவார். கோயில் கொடைகளில் ஒரு இன்னிசைக் குழுவுக்கு பேஸ் வாசிப்பார். ஒருநாள் அந்தக் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“ஏ கம்பி தொடாமலே ம்ம்ம்னு இழுக்குது அண்ணாச்சி. வார ஞாயித்துக்கிழமை குருவிகுளத்துல கொடை. அங்கயும் இழுத்துச்சுன்னா கீபோர்டுலயே பேஸைப் போட்டுக்கிடுதேன், நீ வேண்டாம்னு எங்க குழு மாஸ்டர் சொல்லிட்டாரு. பதினாலு வருசமா அந்த இடத்துல நிக்கேன்.”

வாசித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. புதுக் கம்பி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் திரும்பி வந்தார். கம்பிகள் உட்காரும் நட்டை மாற்றினேன். மறுபடி வந்தார். ஒலியைப் பிடிக்கும் பிக்கப்பைத் தாழ்த்தினேன், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகளை முடுக்கினேன். கடையில் ஊமை, ஒத்திகையில் ரீங்காரம். பழுது கிதாரிலா, அவர் கையிலா, என் காதிலா? சோற்றுக்கு உட்கார்ந்தால் தட்டுகூட ம்ம்ம் என்றது.

“எந்தப் பாட்டுக்கு வருது?” என்று கேட்டேன்.

“மல்லிகா பாடும்போது மட்டும்” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு நானே போனேன். குழுவை நடத்துகிற மாஸ்டர் என்னைப் பார்த்ததும், “வாங்க டாக்டர். மல்லிகா பாடுனா இவருக்குக் கம்பி நடுங்குது. கம்பியைப் பாக்கியளா, ஆளைப் பாக்கியளா?” என்றார்.

“எனக்குப் பேத்தி பொறந்தாச்சு மாஸ்டர், பாட்டை ஆரம்பிங்க” என்றார் மல்லிகா.

ஆண்கள் ஒரு கட்டையில் பாடினார்கள். அமைதி. மல்லிகாவுக்காகச் சுருதிப் பெட்டியை ஆறு கட்டைக்கு மாற்றினார் மாஸ்டர். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சாமி கும்பிட்டுச் சுருதியைப் போட்டால் மங்களம் பாடும்வரை அணைக்கமாட்டார்கள். அதைப் பாடுகிறவர்களுக்குக் கேட்க மானிட்டர் ஸ்பீக்கரில் உரக்க விடுவார்கள். அந்த மானிட்டர் செல்லப்பாவின் காலடியில் கிடந்தது. ஆறு கட்டை என்றால் ஏ, அந்தக் கம்பியின் சுரமேதான்.

செல்லப்பாவை இரண்டு கையையும் எடுக்கச் சொன்னேன். யாரும் தொடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தூக்கத்தில் முனகுகிறவரைப் போல, அந்த ஒரு கம்பி மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.

“சுருதியை அணைக்கலாமா?”

“சாமி விளக்கை அணைக்கச் சொல்லுத மாதிரில்லா இருக்கு!” என்றார் மாஸ்டர். மானிட்டரை நகர்த்திப் பார்த்தோம், மல்லிகாவுக்குக் கேட்கவில்லை.

கடைசியில் பிரிட்ஜ் பக்கம் ஏ கம்பிக்கு அடியில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு வைத்தேன். முனகல் நின்றது. மீட்டினால் ஒலி தடித்து எழுந்து சட்டென்று விழுந்தது. “இப்பதான்வே பேஸு” என்றார் மாஸ்டர்.

திங்கட்கிழமை செல்லப்பாவைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கொடை நன்றாக நடந்ததாம். அடுத்த கொடைகளுக்கும் அவரையே மாஸ்டர் சொல்லிவிட்டாராம். ஆனால் முகத்தில் தெளிவில்லை.

“மல்லிகா வண்டியில வரும்போது சொல்லுதாவ, மேடையில என்னமோ காலுக்குக் கீழ தரையே இல்லாத மாதிரி இருந்துச்சுன்னு. இத்தனை நாளா அந்த இழுவையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாடியிருக்காவ போல.”

பழுதைத் தேடுகிறவர்களே, அது வாழும் இடத்துக்கே போய்க் கேளுங்கள். நான் கற்றது அவ்வளவுதான். கேட்டது பழுதுதானா என்று எப்படி அறிவது? இன்றுவரை குழம்புகிறேன்.

ராயகிரி பஸ் உறுமியது. படியில் ஏறி நின்றுகொண்டு செல்லப்பா கேட்டார்: “அப்ப நாம யாருக்குச் சரி பண்ணுனோம் அண்ணாச்சி?”

“அந்த ஸ்பாஞ்சை ஒட்டலைவே” என்றேன். “சும்மா சொருகித்தான் வச்சிருக்கேன்.”