கோட்டைத் தாண்டிய பெட்ரோல்

ஒரு கை சுவிட்சில், ஒரு கண் கடிகாரத்தில், இன்னொரு கண் குடுவையில். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பியூவல் பம்ப்பைச் சோதிக்கும்போது மெக்கானிக் மூச்சைக்கூட எண்ணித்தான் விடுவார். அரை நிமிடத்தில் பெட்ரோல் குடுவையின் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டால் பம்ப் நல்லது. தொடாவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும் என்பதால் பட்டறைக்குள் வருகிறவர்கள் கைப்பேசியை வாசல் மேசையிலேயே வைத்துவிட வேண்டும். செருப்பைத் தேய்த்து நடந்தால் முறைப்பார். பம்ப் பழுது என்று தெரிந்தால் நிம்மதியாக டீ குடிப்பார். தேறிவிட்டால்தான் முகம் வாடும். “கெட்டது கையில சிக்கிருச்சுன்னா பயமில்ல. நல்லாருக்கேன்னு நடிக்குது பாருங்க, அதுதான் ஆள முழுங்கும்.” வெந்த சோற்றை மறுபடி வேகவைக்கிற ஆள் என்று வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள்.

இன்று யாரும் சிரிக்கவில்லை. எதிரே நிற்பது அவர் தங்கை ஓட்டும் பள்ளி வேன். நேற்று மாலை பிள்ளைகளோடு ரயில் தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. வழியில் போனவர்கள் தள்ளித் தண்டவாளத்துக்கு அப்பால் சேர்த்த பிறகுதான் ரயில் கேட் இறங்கியது. போன வாரம் இதே பம்ப்பைச் சோதித்து, நல்லாருக்கு என்று அனுப்பிவைத்தவர் அண்ணன்தான்.

பெட்ரோல் கோட்டைத் தாண்டியது. குடுவையைக் காலி செய்து மறுபடி வைத்தார். மறுபடியும் தாண்டியது.

“அதான் தாண்டிருச்சுல்ல, சாவியக் குடு அண்ணே. ஸ்கூல் விடுற நேரம்.”

“போன வாரமும் இப்படித்தான தாண்டுச்சு.”

“அதுக்காக? புள்ளைங்க ரோட்டுல நிக்கும்.”

பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேட்டார்: “நேத்து நின்னப்போ டேங்க்ல எவ்வளவு இருந்துச்சு?”

“முள்ளு அடியில கிடந்துச்சு. காலையில பயந்துபோய் ஃபுல்லா போட்டுட்டேன்.”

அவர் முகம் வெளுத்தது. பம்ப், டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியபடிதான் ஓடும். பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி; அது குறைந்தால் பழுதான பம்ப் சூடேறித் திணறும். போன வாரமும் அவர் நிறைந்த டேங்கில்தான் சோதித்திருந்தார்.

பெட்ரோலைக் கேன்களில் இறக்கி, அடியில் கொஞ்சம் மட்டும் விட்டுவைத்தார். குழாயை டேங்குக்கே திருப்பிவிட்டுப் பம்ப்பைச் சூடேறும்வரை ஓடவிட்டார். தங்கை வாசலுக்கும் வேனுக்குமாக நடந்தாள். முனகிக்கொண்டிருந்த பம்ப் மெல்லக் கரகரத்தது. பிறகு குழாயைக் குடுவைக்குள் விட்டார். முதலில் விரல் தடிமனில் வந்த பெட்ரோல் போகப்போக நூலாக இளைத்தது. அரை நிமிடம் முடிந்தபோது கோட்டுக்கு வெகு கீழே நின்றது.

சுவிட்சை அணைத்தார். தண்டவாளத்தின் மேல் நின்ற வேனில் இவளும் உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

வாசல் மேசையில் தங்கையின் கைப்பேசி அடித்தது.

“ஸ்கூல்லேர்ந்துதான் இருக்கும். வேற வண்டி பாத்துக்கச் சொல்றேன்” என்று தங்கை நகரப் பார்த்தாள். “கைய விடு அண்ணே.”

பெட்ரோல் சொட்டும் கையால் அவள் மணிக்கட்டை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். கைப்பேசி அடித்து ஓய்ந்தது. அவர் விடவில்லை.